காலர் எலும்பு உடைந்துவிட்டதா? தோளை மீட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கன்டெய்னர் லாரியைப் பற்றியும் சாலைப் பள்ளத்தைப் பற்றியும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சறுக்கி விழுந்து, ஒரு கையை மறு கையால் தாங்கிப் பிடித்தபடி எழுந்து நிற்கிறவர்களில் பலருக்கு உடைந்திருப்பது காறை எலும்பு. ஆஸ்பத்திரியில் காலர் போன் என்பார்கள்.

நான் தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். அடிபட்ட வாரத்தில் என்னிடம் வருகிறவர்கள் குறைவு. இரண்டு மூன்று மாதம் கழித்து, "எலும்பு கூடிடுச்சுன்னு சொல்றாங்க, ஆனா கை மேலே போக மாட்டேங்குது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். இந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். தோளின் அசைவை மட்டும் நாம்தான் மீட்டெடுக்க வேண்டும், அதற்கான வேலை முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. அதனால்தான் இந்தப் பக்கம்.

இந்த எலும்பு ஏன் இவ்வளவு சுலபமாக உடைகிறது?

நெஞ்சு நடு எலும்பையும் தோளையும் இணைக்கிற ஒரே எலும்பு இதுதான். லேசாக 'எஸ்' போல வளைந்திருக்கும். தோள் தரையில் மோதும்போது அந்த அடி முழுக்க இதன் வழியாகத்தான் நெஞ்சுக்குப் போகிறது. வளைவு திரும்புகிற நடுப்பகுதி மெலிந்தது. மேலே தோல் தவிரப் பெரிய பாதுகாப்பும் இல்லை. பத்தில் எட்டு முறிவு அந்த நடுப்பகுதியில்தான் நடக்கிறது. கையை ஊன்றி விழுந்தால்தான் உடையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தோள் நேராகத் தரையில் மோதி உடைவதே அதிகம்.

விழுந்ததும் என்ன செய்வது? எங்கே போவது?

கையை வயிற்றோடு சேர்த்து வைத்து, துப்பட்டாவோ துண்டோ எது கிடைக்கிறதோ அதால் கழுத்தில் தூக்கிக் கட்டுங்கள். யாரையும் இழுக்கவோ உருவவோ விடாதீர்கள். தலையில் அடியா, மூச்சு விடுவதில் சிரமமா என்று பாருங்கள். இருந்தால் 108க்கு அழையுங்கள்.

நம் பக்கத்தில் பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. சாலை விபத்து என்றால் 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனைகளில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும், வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு விஷயம். விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்பதைச் சரியாகப் பதியச் சொல்லுங்கள். அந்த ஏஆர் காப்பியும் முதல் எக்ஸ்ரேயும் பின்னால் இழப்பீடு கேட்கும்போது ரொம்ப முக்கியம். வலியில் இருப்பவருக்கு இது தோன்றாது. கூடப் போகிறவர்தான் கவனிக்க வேண்டும்.

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது?

இந்த எலும்புக்கு அடியில் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புக் கூட்டமும் இருக்கின்றன. அதற்கும் உள்ளே நுரையீரலின் உச்சி. அதனால் மூச்சுத் திணறல், கை மரத்துப்போதல், விரல்களை அசைக்க முடியாமை, கை சில்லிட்டு வெளுத்தல் ஆகிய எதுவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எலும்பு முனை தோலை உள்ளிருந்து கூடாரம் போலத் தூக்கி, அந்த இடம் வெளுத்திருந்தாலும் அப்படித்தான். விட்டால் தோல் செத்துக் கிழியும். வெளியே ரத்தம் இல்லையே என்று அடுத்த நாள் ஓபி சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

மாவுக்கட்டு போடாமல் ஒரு பையை மாட்டி அனுப்பிவிட்டார்களே, சரிதானா?

சரிதான். அவர்கள் அலட்சியம் காட்டவில்லை. காறை எலும்பைச் சுற்றி மாவுக்கட்டு போட வழியே இல்லை. உடைந்ததும் கழுத்துத் தசை உள் துண்டை மேலே இழுக்கிறது, கையின் எடை வெளித் துண்டைக் கீழே இழுக்கிறது. கையின் எடையைத் தாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைத்தான் அந்த ஸ்லிங் செய்கிறது.

ஆனால் ஸ்லிங்கைச் சரியாக மாட்டுகிறவர்கள் குறைவு. முழங்கை பையின் மூலையில் நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டு முழங்கையைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். கீழே தொங்கினால் விரல் வீங்கும். வார் கழுத்தில் அறுத்தால் அங்கே மடித்த துணியை வையுங்கள். மோதிரத்தை முதல் நாளே கழற்றிவிடுங்கள்.

சிலருக்கு முதுகில் எட்டு வடிவத்தில் இழுத்துக் கட்டும் பெல்ட் கொடுப்பார்கள். எலும்பு கூடுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பெல்ட்டில் அக்குள் உராய்வும் அசௌகரியமும் அதிகம். பெல்ட் போட்டு விரல் மரத்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டித் தளர்த்திக்கொள்ளுங்கள்.

புத்தூர் கட்டு போடலாமா?

நம் ஏரியாவில் பத்துப் பேரிடம் யோசனை கேட்டால் பாதிப் பேராவது இதைத்தான் சொல்வார்கள். செலவு குறைவு, ஆபரேஷன் பயம் இல்லை, அப்பா காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காறை எலும்பு முறிவுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

கட்டுப் போட்டுக் கூடிவிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு ஸ்லிங் மட்டும் போட்டிருந்தாலும் கூடியிருக்கும், ஏனென்றால் இந்த எலும்பின் இயல்பு அது. எக்ஸ்ரே எடுக்காமல் கட்டினால், ஆபரேஷன் கட்டாயம் தேவைப்படுகிற அந்தச் சிலரைப் பிரித்தறிய முடியாது. புது முறிவில் எண்ணெய் போட்டு உருவுவது எனக்கு இன்னும் பெரிய கவலை. கூர்மையான எலும்பு முனைக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்று மேலே சொன்னேன். பெரியவர்கள் வற்புறுத்தினால் முதலில் எக்ஸ்ரே, முதலில் எலும்பு டாக்டர் என்று சொல்லுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொள்வார்கள்.

எனக்கு ஆபரேஷன் வேண்டுமா?

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், ரத்தக் குழாயோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால், தோல் கிழியும் நிலையில் இருந்தால் ஆபரேஷன் கட்டாயம். துண்டுகள் முழுக்க விலகி 2 செ.மீ.க்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும், பல துண்டாக நொறுங்கியிருந்தாலும், தோள் முனைப் பக்கம் உடைந்து விலகியிருந்தாலும் டாக்டர் எலும்பைப் பிடித்து நிறுத்த உலோகப் பிளேட் வைக்கலாம் என்பார். விலகாத முறிவுக்குத் தேவையில்லை.

இடைப்பட்டவர்களுக்குத்தான் குழப்பம். 2007இல் கனடாவில் 132 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் எலும்பு முழுக்க விலகியிருந்தது. ஸ்லிங் மட்டும் போட்டவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு எலும்பு கூடவில்லை. பிளேட் வைத்தவர்களில் அப்படி ஆனவர்கள் மிகக் குறைவு. ஆனால் பிளேட்டுக்கும் விலை உண்டு: தழும்பு, தொற்று வரும் வாய்ப்பு, தழும்புக்குக் கீழே நெஞ்சுத் தோல் மரத்துப்போதல், பை வார் பட்டால் உறுத்தல். உறுத்தினால் பின்னால் இன்னொரு ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டி வரும். இதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வருஷம் கழித்துக் கையின் செயல்பாட்டில் இரண்டு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அதனால் டாக்டரிடம் "எனக்கு எவ்வளவு விலகியிருக்கிறது, காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று நேராகக் கேளுங்கள். உங்கள் வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் பதில் வேறாக இருக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

எத்தனை நாளில் கூடும்?

பெரியவர்களுக்கு 6 முதல் 12 வாரம், சின்னப் பிள்ளைகளுக்கு 3 முதல் 6 வாரம். வலி குறைந்துவிட்டது என்பதால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்றாவது வாரம் வலி நன்றாகக் குறையும், அப்போதுதான் ஆட்கள் குடத்தைத் தூக்குவார்கள். தண்ணீர் லாரி வந்துவிட்டது, வீட்டில் வேறு ஆள் இல்லை, ஒரு குடம்தானே என்று. நிரம்பிய குடம் 15 கிலோவுக்குக் குறையாது. அதை மாடிப்படி ஏறித் தூக்கி வந்த அக்காமார்கள் மறுபடி வலியோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பிடித்துத் தர ஆறு வாரத்துக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். வீட்டு ஆண்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ராத்திரி தூக்கமே வரவில்லை.

முதல் இரண்டு வாரம் மல்லாந்து தட்டையாகப் படுத்தால் வலிக்கும். முதுகுக்கு மூன்று நான்கு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குங்கள். சுவரில் சாய்ந்து தரையில் பாய் போட்டும் படுக்கலாம். அடிபட்ட பக்க முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள், முழங்கை பின்னால் சரியாமல் இருந்தால் வலி பாதி குறையும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. தூங்கும்போதும் ஸ்லிங் இருக்கட்டும்.

குளிப்பது, உடை மாற்றுவது எப்படி?

ஆபரேஷன் ஆகாதவர்கள் ஸ்லிங்கைக் கழற்றிவிட்டுக் குளிக்கலாம். கையை வயிற்றோடு ஒட்டியே வையுங்கள். அக்குளைக் கழுவ, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்தால் கை தானாகவே உடம்பை விட்டு விலகித் தொங்கும். அந்த இடைவெளியில் நல்ல கையால் கழுவித் துடைத்துவிடலாம். நம் ஊர் வெயிலுக்கும் கடல் காற்றின் பிசுபிசுப்புக்கும் அக்குளும் முழங்கை மடிப்பும் இரண்டே நாளில் வெந்துவிடும். அதனால் தினமும் காயவிடுங்கள், மெல்லிய பருத்தித் துணியை இடையில் வையுங்கள். ஸ்லிங்கை இரண்டாக வாங்கி மாற்றி மாற்றித் துவைப்பது நல்லது. தையல் இருப்பவர்கள் டாக்டர் சொல்லும்வரை அந்த இடத்தில் தண்ணீர் படவிடக் கூடாது.

முன்னால் பட்டன் வைத்த சட்டையாகப் போடுங்கள். போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பெண்களுக்கு நைட்டியும் முன்பக்கக் கொக்கி வைத்த ரவிக்கையும் வசதி.

உடற்பயிற்சியை எப்போது தொடங்குவது?

முதல் நாளிலிருந்தே. கேட்டவுடன் எல்லோரும் திடுக்கிடுவார்கள். தோளைத் தூக்கச் சொல்லவில்லை. விரல்களை இறுக்கி மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, ஸ்லிங்கிலிருந்து எடுத்து முழங்கையை நீட்டி மடக்குவது, இவ்வளவுதான். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. இதை விட்டவர்களுக்கு எலும்பு கூடும் முன்பே முழங்கை இறுகிவிடுகிறது.

இரண்டாவது வாரத்தையொட்டி, வலி இடம் கொடுத்து டாக்டரும் சரி என்றால், ஊசல் பயிற்சி. சமையல் மேடையிலோ மேசையிலோ நல்ல கையை ஊன்றிக் குனியுங்கள். அடிபட்ட கையைத் தொங்கவிடுங்கள். இப்போது கையை ஆட்டாதீர்கள். இடுப்பை முன்னும் பின்னும் அசையுங்கள், கை அதன் பின்னால் போகட்டும். நன்றாகச் செய்கிறவர்களின் விரல்கள் தளர்ந்து தொங்கும், முஷ்டி மூடியிருந்தால் தோள் தசை இறுகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

அப்புறம், படுத்தபடி நல்ல கையால் மறு கையைப் பிடித்து மெதுவாகத் தூக்குவது. ஆறு வாரம் வரைக்கும் தோள் மட்டத்துக்கு மேலே போக வேண்டாம். அந்த உயரத்துக்கு மேல் காறை எலும்பு தன் அச்சில் சுழலத் தொடங்கும், இன்னும் முழுக்கக் கூடாத இடத்தில் அந்தச் சுழற்சி ஆகாது.

ஆறாவது வார எக்ஸ்ரேயில் புது எலும்பு தெரிந்தால் கதை மாறுகிறது. இப்போது தயக்கம்தான் எதிரி. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், மறுநாள் அதைத் தாண்டப் பாருங்கள். லேசான இழுப்பு வரலாம். எலும்பில் குத்தும் வலி வந்தாலோ, பயிற்சி முடிந்து வெகுநேரமாகியும் வலி அடங்காவிட்டாலோ குறைத்துக்கொள்ளுங்கள். தலை சீவுவது, முதுகைத் தொடுவது இரண்டும் கடைசியாகத்தான் திரும்பும். காசிமேட்டில் வலை இழுக்கும் ஒரு அண்ணன், கை முழுக்கத் தூக்க வந்துவிட்டது என்று பயிற்சியை நிறுத்திவிட்டார். பின் பாக்கெட்டிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை என்று திரும்பி வந்தார். எல்லாத் திசையும் வேண்டும்.

ரப்பர் பட்டை, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போன்ற வலுப் பயிற்சிகள் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள், எக்ஸ்ரே பார்த்துத்தான். பிளேட் வைத்தவர்களுக்கு இந்தக் காலக்கணக்கு கொஞ்சம் முன்னே வரலாம், ஆபரேஷன் செய்தவர் சொல்வதே முடிவு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் வாய்ப்பு அதிகம். அவர்கள் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் ஒரு நாள்கூட விடக் கூடாது.

ஆட்டுக்கால் சூப், பிரண்டை எல்லாம் எலும்பைக் கூட்டுமா?

சூப் குடியுங்கள், உடம்புக்குத் தெம்பு. ஆனால் எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் கொஞ்சம்தான். அதைவிட முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எவ்வளவோ மேல். காசிமேடு பக்கத்தில் இருக்கும் நமக்கு அதற்கு என்ன பஞ்சம்? கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, பால், தயிர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கால்சியத்தை மட்டும் நினைத்துப் புரதத்தை மறந்துவிடுகிறோம்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். பிரண்டைத் துவையல் சாப்பிடலாம், மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

அடிபட்ட வீட்டில் மீன், முட்டை ஆகாது, புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. எலும்பு கூட வேண்டிய நேரத்தில் ரசம் சாதத்தோடு நிறுத்துவது பாதகம்.

பீடி, சிகரெட்?

நிறுத்துங்கள். எலும்பு கூடாமல் போவதற்கு நம் கையில் இருக்கும் காரணங்களில் முதன்மையானது இதுதான். ஹான்ஸ், மாவா போன்ற மெல்லும் புகையிலையிலும் நிகோடின் உண்டு. மூன்று மாதமாவது நிறுத்துங்கள் என்றுதான் கெஞ்சுவேன்.

வலி மாத்திரை?

மெடிக்கல் கடையில் கவரில் போட்டுத் தரும் பெயர் தெரியாத மாத்திரைகளை வாரக்கணக்கில் போடாதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு வரும். பிபி, சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நாள் வரைக்கும் மட்டும். முதல் சில நாள் துணியில் சுற்றிய ஐஸ் நல்ல துணை.

வேலைக்கு எப்போது போகலாம்? சம்பளத்துக்கு என்ன வழி?

மேசை வேலை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில், கையை மேசையில் தாங்கியபடி. மூட்டை, வலை, வெல்டிங் போன்ற வேலைகளுக்கு மூன்று மாதம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும். பைக் ஓட்ட, ஸ்லிங் எடுத்து, இரண்டு கையாலும் ஹேண்டிலைத் திருப்பித் திடீர் பிரேக் பிடிக்கும் தெம்பு வர வேண்டும். ஆறு எட்டு வாரத்துக்கு முன் நினைக்காதீர்கள். அதுவரை திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோ நல்லது. லிஃப்ட் இருக்கிறது, ஷேர் ஆட்டோவில் போல நெருக்கியடித்து உட்கார வேண்டியதில்லை.

ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு 90 சதவீதம் அளவில் உதவித்தொகை உண்டு. பணம் இல்லாததால் ஆறாவது வாரமே மூட்டை தூக்கப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. உரிமையான பணத்தை விட்டுவிட்டு அப்படிப் போக வேண்டாம்.

கூடிய பிறகு மேடு தெரிகிறதே?

புது எலும்பு சுற்றிலும் திரண்டு கூடுவதால் வரும் மேடு அது. பிள்ளைகளுக்கு வளர வளரச் சமமாகிவிடும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் குறைந்து மீதி நிற்கும், கையின் பலத்துக்கு இடைஞ்சல் இல்லை.

பிறந்த குழந்தைக்கு உடைந்திருக்கிறது என்கிறார்களே?

பிரசவத்தின்போது குழந்தைக்கு ஏற்படும் முறிவுகளில் மிகச் சாதாரணமானது இது. இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும். சட்டைக் கையை நெஞ்சுப் பக்கத் துணியோடு சேர்த்துப் பொருத்தி வைக்கச் சொல்வார்கள். அக்குளில் பிடித்துத் தூக்காமல், முதுகுக்கும் பின்புறத்துக்கும் கை கொடுத்துத் தூக்குங்கள். அந்தக் கையை அசைக்கவே இல்லை என்றால் நரம்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து உருவிக் குளிப்பாட்டும் பாட்டிமார்களிடம் அந்தத் தோளை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் ஆகியும் வலி போகவில்லை. என்ன அர்த்தம்?

அழுத்தினால் வலி, கை தூக்கும்போது எலும்பு 'கடக்' என்று நகர்வது, எக்ஸ்ரேயில் இடைவெளி இருந்தால் எலும்பு கூடாமல் இருக்கலாம். ஆறு மாதத்திலும் அப்படியே இருந்தால் பிளேட் வைத்து, தேவைப்பட்டால் இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து ஒட்டுவார்கள். நன்றாகவே கூடும். பழைய எக்ஸ்ரே படங்களை எல்லாம் தேதி வரிசையில் எடுத்துப் போங்கள்.

மறுபடி ஃபுட்பால் ஆடலாமா?

வியாசர்பாடிப் பசங்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். தனியாக ஓடுவது, பந்தை மட்டும் தட்டிப் பழகுவது ஆறு எட்டு வாரத்தில் தொடங்கலாம். மோதலுள்ள ஆட்டத்துக்கு எக்ஸ்ரேயில் முழுக்கக் கூடியிருக்க வேண்டும். வலி இருக்கக் கூடாது, இரண்டு தோளும் ஒரே அளவு உயர வேண்டும், பலமும் சமமாக இருக்க வேண்டும். பொதுவாக மூன்று நான்கு மாதம். கோல்கீப்பர்கள் தரையில் பாய்ந்து விழுவதைக் கடைசியாக, முதலில் மெத்தையின் மேல் பழகிவிட்டுத் தொடங்குங்கள்.